ஜருகண்டிக்கு ஆண் பெண் இல்லை

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன

திருமலைக்குப் போய்வந்த தமிழருக்குத் தெலுங்கில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு சொல் நிச்சயம் தெரிந்திருக்கும்: ஜருகண்டி. வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் மணிக்கணக்காக உட்கார்ந்து, வரிசையில் நெரிபட்டு, கடைசியில் பெருமாளுக்கு எதிரே ஒரு விநாடி நின்றோமா இல்லையா என்று சந்தேகப்படும் நேரத்தில் தோளில் ஒரு கை விழும். கையோடு சேர்ந்து இந்தச் சொல்லும் விழும். நகருங்கள் என்று பொருள். பாட்டிக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். தறி ஓட்டுகிறவருக்கும் தாலுகா ஆபீசருக்கும் அதுதான். (பிரேக் தரிசனக்காரர்கள் காதில் அது கொஞ்சம் மெதுவாக விழுகிறது என்று பொது வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பது உண்டு.) மலைமீது மொட்டை போடும் கல்யாணகட்டாவிலும் இதே சமத்துவம்தான். முடி இறக்கி, சந்தனம் பூசி வெளியே வரும் கூட்டத்தில் ஆண் பெண் அடையாளத்தில் பாதியாவது குறைந்துபோயிருக்கும்.

ஜருகண்டியின் இலக்கணம் எளிமையானது. ஏவல் சொல்லோடு 'அண்டி' சேர்ந்தால் தெலுங்கில் மரியாதை. தமிழில் 'வாங்க', 'போங்க' என்பதில் உள்ள 'ங்க' மாதிரி. கேட்பவர் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. மனைவி கணவனைக் கூப்பிடுவதும் 'ஏமண்டி', வாடிக்கையாளர் கடைக்காரரைக் கூப்பிடுவதும் 'ஏமண்டி'. பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'காரு'வும் இரு பாலாருக்கும் பொது.

மரியாதை இறங்கட்டும், உடனே காட்சி மாறும். தமிழில் வாடா, வாடி. தெலுங்கில் ராரா, ராவே. கூப்பிடப்பட்டது ஆணா பெண்ணா என்பது பக்கத்துத் தெருவுக்கும் தெரிந்துவிடும். மரியாதைக்குள் ஒளிந்திருந்த பால், மரியாதை போனதும் வெளியே வந்து நிற்கிறது. முகத்துக்கு நேரே பேசும் முன்னிலையிலேயே இப்படி என்றால், ஆள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு, அதாவது இலக்கணம் படர்க்கை என்று சொல்லும் இடத்தில் என்ன நடக்கிறது? அதைக் கேட்க மலையிலிருந்து இறங்கி சித்தூர்ப் பக்கம் போவது நல்லது.

காட்பாடியில் ரயில் ஏறினால் திருப்பதி சுமார் நூறு கிலோமீட்டர். சித்தூர், பாகாலா, சந்திரகிரி என்று பாதை போகிறது. வழியில் எங்கோ ஸ்டேஷன் பலகைகளில் தமிழ் மறைந்து தெலுங்கு வருகிறது. பெட்டிக்குள் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. வெள்ளரிக்காய் விற்பவர் இரண்டிலும் விலை சொல்கிறார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் குடும்பம் தங்களுக்குள் தெலுங்கிலும் எதிர் சீட்டோடு தமிழிலும் பேசுகிறது. நகரி, புத்தூர் விசைத்தறிக் கூடங்களிலும் சித்தூர் மாங்காய் மண்டிகளிலும் இதே கதைதான்.

வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகச் சொன்னது தொல்காப்பியத்தின் பாயிரம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று பெரும் சண்டை நடந்தது. ம.பொ.சி. வேங்கடத்தை விடமாட்டோம் என்று முழங்கிய காலம் அது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போயிற்று. திருப்பதி அங்கேயே நின்றது. 2022 ஏப்ரலில் அது சித்தூரிலிருந்தும் பிரிந்து தனி மாவட்டமானது. கோடுகள் இவ்வளவு தடவை நகர்ந்தும், கோட்டின் இருபுறமும் இருக்கும் வீடுகளில் மொழிகள் கலந்தே கிடக்கின்றன. கலந்து கிடந்தாலும் ஒரு விஷயத்தில் அவை ஒட்டவே மாட்டேன் என்கின்றன.

சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்குகிறார். தமிழர் தன் உறவையும் அவர் வயதையும் பார்த்து 'வந்துட்டா' என்றோ 'வந்துட்டாங்க' என்றோ சொல்வார். தெலுங்கர் சொல்வது 'வச்சிந்தி'. அடுத்த நிமிஷம் திருப்பதி பஸ் வந்து நிற்கிறது. தமிழர் 'வந்துடுச்சு' என்கிறார். தெலுங்கர் மறுபடியும் 'வச்சிந்தி'. பெண்ணுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வினை. இறங்கியது ஆணாக இருந்தால் 'வச்சாடு'. அவர் பெரிய மனிதராக இருந்தால் 'வச்சாரு'.

தெலுங்கில் ஒருமையில் இரண்டே கட்சிதான்: ஆண், மற்றதெல்லாம். அவனுக்கு 'வாடு' என்று சொன்னால் மட்டம், 'அதனு' என்றால் நடுத்தரம், 'ஆயன' என்றால் மரியாதை. பெண்ணுக்கும் 'அதி', 'ஆமெ', 'ஆவிட' என்று படிகள் உண்டு. ஆனால் கீழ்ப்படியில் இருக்கும் 'அதி'யே பசுவுக்கும் கல்லுக்கும் உரிய சொல். மேல்படியில் இருக்கும் 'ஆவிட'வுக்கும் பேச்சில் பல சமயம் 'வச்சிந்தி'தான் கிடைக்கிறது. 'ஆயன'வுக்கோ 'வச்சாரு' என்று மரியாதை வினையிலேயே ஏறிவிடுகிறது. சென்னையில் தெலுங்குப் பண்டிதராக இருந்த சின்னய சூரி 1858இல் வெளியிட்ட பால வியாகரணம், பெண்ணும் விலங்கும் உயிரற்ற பொருளும் நீங்கலாக உள்ளவற்றை 'மகத்து' என்று வகுத்தது. மீதி அமகத்து. ஒளிவு மறைவு இல்லாத இலக்கணம்!

தமிழர் இங்கே மீசையை முறுக்கிக்கொள்ளலாம். அவனுக்கு நிகராக அவளும் உயர்திணையில் இருக்கிறாள், அவளுக்கென்று தனி வினைமுற்றே இருக்கிறது. ஆனால் மொழி வரலாற்று அறிஞர்கள் சொல்லும் ஒரு செய்தி இந்தப் பெருமையைக் கொஞ்சம் அசைக்கிறது. 'திராவிட மொழிகள்' என்ற பெரும் நூலை 2003இல் வெளியிட்ட பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, மூல திராவிடத்தில் 'அவள்' என்ற சொல்லே இல்லை என்று வாதிட்டார். அதில் இருந்தது 'அவன்' ஒருபுறம், 'அது' மறுபுறம். பெண் 'அது'வுக்குள் அடக்கம். தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றின் மூதாதையான தென்கிளை பின்னால் உண்டாக்கிக்கொண்ட சொல்தான் 'அவள்'. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் வாதம் சரியானால், இலக்கணத்தில் மாற்றம் செய்து ஒரு புதுப் பிரதிப்பெயரை நுழைத்த பழைய சீர்திருத்தக்காரர்கள் நம் முன்னோர்கள்தான். அவர்கள் எந்த மாநாட்டிலும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை.

பன்மைக்கு வந்தால் தெலுங்கும் பெண்ணைக் கைவிடுவதில்லை. ஒரு பெண் வந்தால் 'வச்சிந்தி'. இரண்டு பெண்கள் வந்தால் 'வச்சாரு'. தனியாக இருக்கும்வரை பொருள்களோடு, கூட்டமாகிவிட்டால் மனிதர்களோடு. கோண்டி மொழியில் இந்தச் சலுகையும் கிடையாது, பன்மையிலும் பெண்கள் மற்றவற்றோடுதான். மலையாளத்தில் அவனும் அவளும் இருக்கிறார்கள், ஆனால் வினையில் பால் காட்டும் விகுதி உதிர்ந்துவிட்டது. அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு. பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் தனியாக ஒதுங்கிக் கிடக்கும் பிராகுயி, பால் வேறுபாட்டையே தலைமுழுகிவிட்டது. ஒரே குடும்பம், பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இந்தக் குடும்பத்தை ஒரே கூரையின் கீழ் படிக்க வேண்டும் என்று 1997இல் ஆந்திர அரசு திராவிடப் பல்கலைக்கழகத்தை அமைத்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இதே சித்தூர் மாவட்டத்தின் கோடியில், தமிழகமும் கர்நாடகமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள குப்பம். பொருத்தமான இடம்தான். பாடத்திட்டத்தில் உள்ளது பாதி குப்பத்துக் கடைவீதியிலேயே காதில் விழும்.

காதில் விழுவது எப்போதும் இலக்கணப்படி இருப்பதில்லை. 'அக்கா சொல்லிச்சு', 'அம்மா வந்துச்சு' என்று வட ஆற்காட்டுத் தமிழ் பேசும். சென்னையும் பேசும். பண்டிதர் காதில் இது அஃறிணை. அக்காவின் காதில் பிரியம். தம்பி அவளை 'சொன்னாள்' என்று தள்ளி நிறுத்தவும் இல்லை, 'சொன்னார்கள்' என்று உயரத்தில் ஏற்றவும் இல்லை. தூங்கும் குழந்தையைப் 'பாப்பா தூங்குது' என்று எல்லோரும்தான் சொல்கிறோம். ஆக, 'அது' என்பது வசையா கொஞ்சலா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. சொல்பவர் முகம்தான் தீர்மானிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

தமிழில் இரு பாலுக்கும் பொதுவான சொல் இல்லாமல் இல்லை. 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இருவருக்கும் உரியது என்று தொல்காப்பியமே விதி சொல்லியிருக்கிறது. ஒருவன், ஒருத்தி என்று பிரித்த மொழி, பிரிக்காத ஒன்றையும் அன்றே வைத்திருந்தது. அதன் உறவுதான் இன்றைய 'அவர்'. பத்திரிகைத் தமிழில் அது சக்கரவர்த்தி. மாவட்ட ஆட்சித் தலைவர் பேசினார், அவர் கூறியதாவது என்று நான்கு பத்தி ஓடும். பேசியவர் பெண் என்பது படம் போட்டிருந்தால்தான் தெரியும். ஆந்திரப் பத்திரிகைகளும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. பெண் அதிகாரியை 'ஆமெ' என்று குறிப்பிட்டுவிட்டு வினையை மட்டும் 'செப்பாரு' என்று மரியாதைப் பன்மையில் முடிக்கின்றன. பஸ்ஸோடு நிற்க வேண்டியவர் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 'அவர்' பாலை மறைப்பது பாலைப் பற்றிக் கவலைப்பட்டு அல்ல. அந்தஸ்தைப் பார்த்து. கலெக்டர் அவர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பூக் கட்டுபவள் அவள். அவளுக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவன் அவன். பால் இல்லாத சொல்லுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அதைக் கட்ட முடிந்தவர்கள் ஆண், பெண் என்ற வேலியைத் தாண்டிப் போகிறார்கள். முடியாதவர்கள் உடம்போடு அங்கேயே நிற்கிறார்கள். தெலுங்கின் உச்சிப் படியான 'வாரு'வும் இப்படித்தான். இரு பாலுக்கும் பொது, ஆனால் எல்லோருக்கும் பொது அல்ல.

உத்தியோகப் பெயர்களில் இந்தச் சிக்கலை ஆங்கிலம் சத்தமில்லாமல் தீர்த்துவைத்திருக்கிறது. ஆசிரியர், ஆசிரியை என்று தமிழும் உபாத்யாயுடு, உபாத்யாயினி என்று தெலுங்கும் திண்டாடும்போது, சித்தூர்ப் பள்ளிக் குழந்தைகள் 'டீச்சர்' என்று சொல்லிவிட்டு ஓடுகின்றன. டாக்டர், கண்டக்டர், கலெக்டர் எல்லாம் இந்த ஜாதி.

நார்வே நாட்டில் இதே பிரச்சினை தலைகீழாக வந்தது. அங்கே பெரியவர்களைக் குறிக்க நம் 'நீங்கள்' போல 'டே' என்ற சொல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வழக்கொழிந்து, எல்லோரும் எல்லோருக்கும் 'டூ', அதாவது 'நீ' ஆனார்கள். படர்க்கையில் அவனுக்கு 'ஹான்', அவளுக்கு 'ஹுன்'. ஒளிந்துகொள்ள ஒரு 'அவர்' அங்கே இல்லை. எனவே ஆணா பெண்ணா என்று தெரியாதவரையும், இரண்டும் தனக்குப் பொருந்தவில்லை என்பவரையும் எப்படிக் குறிப்பது என்ற கேள்வி அங்கே மரியாதைப் பிரச்சினையாக வரவில்லை, சொல் பஞ்சமாக வந்தது. பக்கத்து ஸ்வீடனில் 'ஹென்' என்ற சொல் 1960களிலேயே யோசனையாக வந்து தூங்கிக் கிடந்தது. 2012இல் ஒரு குழந்தைகள் புத்தகம் அதை எழுப்பியது. நாடே இரண்டுபட்டு விவாதித்தது. 2015இல் ஸ்வீடிஷ் அகாதமியின் சொற்பட்டியலில் அது ஏறியது. நார்வே மொழி மன்றம் 2022இல் 'ஹென்'னை அகராதியில் சேர்த்தது. ஆசிரியைக்கு என்று தனியாக இருந்த 'லேரரின்னெ' அதற்கு வெகுகாலம் முன்பே உதிர்ந்து 'லேரர்' மட்டும் நின்றிருந்தது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நார்வேயின் வடகோடியில் கலைமான் மேய்த்து வாழ்ந்த சாமி மக்களின் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் எப்போதும் ஒரே சொல்தான். அவர்களோடு எல்லையில் வாழும் பின்லாந்துக்காரர்களின் 'ஹேன்' கூட அப்படியே. ஸ்வீடனின் 'ஹென்' அந்தச் சாயலில் பிறந்ததுதான். சாமிக் குழந்தைகளைப் பள்ளியில் தாய்மொழி பேசவிடாமல் தடுத்து நார்வேஜியர்களாக்க முயன்ற ஒரு நாடு, கடைசியில் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த வசதியைத் தேடி வந்திருக்கிறது. வங்காளிகளுக்கும் இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய 'ஷே', 'தினி' இரண்டும் இரு பாலுக்கும் பொது. இந்தியின் 'வஹ்' பொதுதான், ஆனால் வினை வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சித்தூருக்குத் திரும்பினால், இரண்டும் பொருந்தாதவர்களின் கதை இங்கே இலக்கணத்தைவிடக் கடுமையானது. பழைய தமிழ் இலக்கணம் அவர்களை மறக்கவில்லை. அவர்களுக்கெனத் தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதிகளையே பெறுவார்கள் என்றது தொல்காப்பியம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியின் நன்னூல் இன்னும் ஒரு படி போயிற்று. பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டு மற்றதை விரும்பினால் பெண்பால் என்றது. பிறந்த உடம்பை அல்ல, விருப்பத்தை வைத்துப் பால் சொன்ன சூத்திரம்! அதோடு நிறுத்தியிருக்கலாம். இருவருமே அஃறிணை போலவும் வரலாம் என்று கடைசியில் ஒரு வாலையும் சேர்த்துவிட்டது. அந்த வாலைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது.

'அது போவுது பார்.' திருநங்கை ஒருவர் கடைவீதியில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் விழும் பேச்சு இது. அக்காவுக்குச் சொன்ன அதே விகுதி; முகம் வேறு. தெலுங்கில் 'அதி' என்பது பெண்களுக்குப் புழங்கும் சொல், மட்டமானாலும் மனிதச் சொல். அதே ஒலி சித்தூர்த் தமிழில் ஒரு மனிதரைப் பொருளாக்கிவிடுகிறது. இரண்டு மொழியும் தெரிந்த திருநங்கைக்கு ஒரே தெருவில் ஒரே சொல் இரண்டு அர்த்தத்தில் காதில் விழுகிறது. ஒருவர் அவரைப் பெண்ணாக ஏற்று 'வச்சிந்தி' என்கிறார். மற்றவர் மனிதராகவே ஏற்காமல் 'வந்துச்சு' என்கிறார். எது எது என்று பிரித்தறிய இலக்கணம் உதவாது.

பெயர்ச்சொற்களில் மாற்றம் வந்திருக்கிறது. தமிழகம் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. பழைய வசைச் சொற்களைத் தள்ளி 'திருநங்கை' அரசாங்கச் சொல்லாயிற்று. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் அளித்த தீர்ப்பு, தன் பாலை ஒருவர் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. ஒரு வகையில் அது பவணந்தி சூத்திரத்தின் முன்பாதி. சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில் 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியாயிற்று. திருநம்பி, பால்புதுமையர் போன்ற சொற்கள் அதில் இடம்பெற்றன. ஆனால் அரசிதழ் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. வாக்கியம் வினையில்தான் முடிகிறது. திருநங்கை வந்தாளா, வந்தாரா, வந்ததா என்பதை எழுதுபவரின் மனம்தான் முடிவு செய்கிறது. பல திருநங்கையர் கேட்பது 'அவர்' கூட அல்ல, 'அவள்'. யாருக்கும் இல்லாத மரியாதையை எட்டி நின்று கொடுப்பதைவிட, மற்ற பெண்களுக்குக் கொடுப்பதைக் கொடுங்கள் என்பது அதன் பொருள். பொதுச்சொல் எல்லோருக்கும் மருந்தல்ல.

திருப்பதியில் ஆண்டில் ஒரு வாரம் இந்தக் குழப்பம் முழுவதும் தெருவுக்கு வருகிறது. மே மாதத்தில் நடக்கும் கங்கம்மா ஜாத்திரை. தாத்தய்யகுண்டாவில் உள்ள கங்கம்மாவை வேங்கடேசப் பெருமாளின் தங்கை என்கிறார்கள். ஜாத்திரைக்கு மலையிலிருந்து தேவஸ்தானம் சீர் அனுப்புகிறது. மலைமீது இருக்கும் அண்ணனுக்குப் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் காலை மோகினி அலங்காரம். கீழே இருக்கும் தங்கையின் ஊரில் ஆண்களே சேலை கட்டுகிறார்கள்.

கதை இதுதான். ஊரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் கன்னிப் பெண்களைச் சூறையாடிவந்தான். அவனை ஒழிக்கக் கங்கம்மா பிறந்தாள். பயந்து ஒளிந்தவனைத் தேடி ஒவ்வொரு நாளும் ஒரு வேஷத்தில் தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்தாள். வந்திருப்பது ஒரு சீமான் என்று நம்பி அவன் வெளியே வந்தான். தலை போயிற்று. இன்றும் கைகால குடும்பத்து ஆண்கள் அந்த வேஷங்களை வழிவழியாகப் போட்டு ஊர்வலம் வருகிறார்கள். பைராகி, தோட்டி, துரை, மாதங்கி என்று வேஷங்கள் மாறும். துரை வேஷத்தில் வருவது யார்? ஓர் ஆண், அவர் பெண் தெய்வமாகியிருக்கிறார், அந்தப் பெண் தெய்வம் ஆண் வேடம் தரித்திருக்கிறாள். 'வச்சாடா', 'வச்சிந்தியா'? பால வியாகரணம் இதற்குத் தயாராக இல்லை. அம்மனுக்கு எப்போதும் 'வச்சிந்தி'தான். பெண்ணையும் பஸ்ஸையும் சேர்த்த அதே வினை இங்கே தெய்வத்துக்கு ஏறி நிற்கும்போது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை.

வேஷம் அந்தக் குடும்பத்தோடு நிற்பதில்லை. நேர்ந்துகொண்ட ஆண்கள், கல்லூரிப் பையன்கள், கைக்குழந்தைகள் எல்லோரும் சேலை, வளையல், பூ, மஞ்சள் என்று வருகிறார்கள். மீசையை எடுத்தவர்கள் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த ஜாத்திரையை ஆராய்ந்து, உலகம் பெண்ணாகும்போது என்று பொருள்படும் தலைப்பில் 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படிக்காதவர்களும் 2024 டிசம்பரில் வந்த 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் சேலை கட்டிக் கங்கம்மா ஜாத்திரையில் ஆடியதைப் பார்த்திருப்பார்கள். கேலிக்கு இடமில்லாமல் ஒரு மாஸ் ஹீரோ சேலையில் நிற்க முடிந்தது, அவர் போட்டது திருப்பதி வேஷம் என்பதால்தான். வேறு ஊர் சேலையானால் தியேட்டரில் விசில் வேறு மாதிரி வந்திருக்கும்.

வேஷத்தை ஊர் வேஷமாகவே பார்க்கிறது, அதுதான் அதன் பாதுகாப்பு. ஜாத்திரையின் கடைசியில் அம்மனின் பிரம்மாண்டமான களிமண் முகம் கலைக்கப்படுகிறது. பக்தர்கள் அந்த மண்ணில் ஒரு துளிக்காக முண்டியடிக்கிறார்கள். விடிந்ததும் பையன்கள் வளையலைக் கழற்றிவிட்டுப் பேண்ட் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு வாரம் தளர்ந்திருந்த வினைமுற்றுகள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. பையன் மறுபடியும் 'வச்சாடு'.

ஆண்டு முழுவதும் சேலையில் இருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கழற்ற எதுவும் இல்லை. ஜாத்திரையில் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்குவதும் இந்த ஊரில்தான்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ் கிளம்புகிறது. ஜன்னலோரம் மஞ்சள் பூசிய முகம் ஒன்று, பக்கத்து சீட் காலி. கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வரிசையாக வருகிறார். வேட்டிக்காரரிடம் கேட்கிறார், குழந்தையோடு இருக்கும் தாயிடம் கேட்கிறார், ஜன்னலோரத்திலும் கேட்கிறார். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'எக்கட திகுத்தாரு?' எங்கே இறங்குகிறீர்கள். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்கிறார். பின்னால் ஏறியவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஒரு சத்தம்: ஜருகண்டி.